உள்தாழ்ப்பாள்

ஆறாவது தம்ளரைக் குடித்து முடித்ததும் அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் ஒரே கழிப்பறை. ஆட்கள் ஆறு பேர். பதினோரு வருஷமாக அவளுடைய முறை கடைசி.

இன்றைக்கு அவள்தான் முதல்.

நாளை காலை பெரியாஸ்பத்திரியில் அவளுடைய குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்கள். அதற்குள் வயிறு சுத்தமாகக் காலியாக வேண்டும். பொடி கரைத்த இரண்டு லிட்டர் தண்ணீர், கால் மணி நேரத்துக்கு ஒரு தம்ளர். எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர். அந்தக் கொடுமை குடிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

இதே சாயங்காலம்தான் நாத்தனார் கௌசல்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"தேதிய மாத்திக்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல இந்த அசிங்கம் எதுக்கு?" என்று நேற்றே மாமியார் சொல்லிவிட்டார்.

கணவன் தனபால் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. மலத்தில் ரத்தம் போகிறது என்று ஏழு மாதத்துக்கு முன்பு அவனிடம்தான் முதலில் சொன்னாள். சூடு, மோர் குடி என்றான்.

அவளுடைய அக்காவுக்கும் சூடு என்றுதான் சொன்னார்கள். அக்காவும் மோர் குடித்தாள். குடல் அடைத்துக்கொண்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நாற்பத்திரண்டு வயது. போய்விட்டாள்.

இந்தத் தேதி கிடைக்க நாற்பது நாள் ஆயிற்று. யாருக்காகவும் மாற்றமாட்டாள்.

காலையிலிருந்து இளநீரும் வரக்காப்பியும்தான். அந்தப் பட்டினியோடு கேசரி கிளறினாள். பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள். உப்பு பார்க்கவில்லை. கூடக் குறைய இருந்தால் தின்கிறவர்கள் பாடு.

வாசலில் கார் நின்றது. வாங்க, வாங்க என்று மாமியாரின் குரல் குழைந்தது.

குடல் முழுக்க உருவிக்கொண்டு போவது போல் இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் தனபால் வந்து தட்டினான்.

"அஞ்சு நிமிஷம் வெளிய வந்துட்டுப் போயேன்."

"என் வயித்துக்கிட்ட நீங்களே சொல்லுங்க."

அவன் போய்விட்டான். அடுத்து மாமியார்.

"ஏய், மாப்பிள்ளையோட அம்மா பாத்ரூம் போகணுங்கிறாங்க. சீக்கிரம் வா."

"முடியாது அத்தை."

"மானத்த வாங்காத. கதவத் தெற."

மானம்.

ஏழு மாதமாக அதைத்தான் கட்டிக் காத்தாள். அக்காவும் கடைசி வரைக்கும் காத்தாள். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடம் வரைக்கும் கேட்கட்டும் என்றே கத்தினாள்.

"ஏழு மாசமா எனக்கு ரத்தமாப் போகுது! நாளைக்கு டெஸ்ட்டு. வயிறு காலியாகுற வரைக்கும் தெறக்க மாட்டேன். அவங்களப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!"

கூடத்தில் பேச்சு நின்றது.

மாமியாரின் காலடிச் சத்தம் கதவை விட்டு நகர்ந்தது.

கௌசல்யா அழுதுகொண்டிருப்பாள். பாவம்தான். நாளைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உயிரோடு இருந்தால்தானே சமாதானம் சொல்ல முடியும்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, ஒற்றை விரலால்.

"நான்தாம்மா, மாப்பிள்ளையோட அம்மா."

அவள் பல்லைக் கடித்தாள்.

"பக்கத்து வீட்டுல போயிக்கங்க. என்னால எழுந்திரிக்க முடியாது."

"அது கெடக்கட்டும். நீ உட்காரு."

அந்த அம்மாள் போகவில்லை. வளையல் கதவில் உரசியது.

"எந்த ஆஸ்பத்திரில காட்டுற?"

கதவோடு ஒட்டி நின்று கேட்ட குரல். கூடத்துக்குக் கேட்டிருக்காது.

அன்று முதல்முறையாக அவளும் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு எத்தன மாசமாப் போகுது?"