அரையும் மூன்றில் ஒன்றும்

“தப்புன்னு நான் சொன்னேனா? ஏன் அப்படிப் போட்டேன்னு மட்டும் சொல்லு” என்றார் ஆசிரியர்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று பலகையில் எழுதியிருந்தாள் ஒரு நெட்டைச் சிறுமி. “மேல இருக்கிறதை மேல கூட்டினேன், கீழ இருக்கிறதைக் கீழ கூட்டினேன் சார்.”

“நியாயமாத்தான் இருக்கு” என்று தலையாட்டினார் அவர்.

கடைசி பெஞ்சிலிருந்த பயிற்சி அதிகாரி அம்மாவுக்குப் புல்லரித்தது. ‘விடையைச் சொல்லாதீர்கள், பிள்ளைகளை யோசிக்க விடுங்கள்’ என்று ஊர் ஊராகப் போய்த் தொண்டை வறளக் கத்தியவர் அவர். ஆசிரியர்கள் டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். வகுப்புக்குப் போனதும் விடையைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார்கள். இந்த முறையில் நடக்கிற ஒரு வகுப்பையாவது காட்டாவிட்டால் திட்டத்தையே மூடப்போவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

“சார், நம்மகிட்ட பாதி இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியை விடக் கொறைஞ்சு போகுமா?” என்று எகிறியது கண்ணாடி போட்ட ஒரு வாண்டு. “அஞ்சுல ரெண்டுங்கிறது பாதிகூட வராது.”

“அட, இதுவும் நியாயம்தான். வந்து படம் போட்டுக் காட்டு.”

வாண்டு ஒரு ரொட்டியை வரைந்து ஆறு துண்டாக்கியது. அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, ஆக ஆறில் ஐந்து. நெட்டை விடுவதாயில்லை, வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது.

கழுத்தில் விசில் தொங்க, மைதானத்துப் புழுதி அப்பிய கேன்வாஸ் ஷூவை ஆட்டிக்கொண்டு மேசை விளிம்பில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்து ரசித்தார் ஆசிரியர். அந்தப் பொறுமையைப் பார்த்து அதிகாரிக்குப் பொறாமையே வந்துவிட்டது.

மணியடித்தது. பிள்ளைகள் சண்டையை அப்படியே வராந்தாவுக்குக் கொண்டுபோனார்கள்.

அதிகாரி ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. “சார், என் திட்டத்தையே காப்பாத்திட்டீங்க. கடைசி வரைக்கும் எது சரின்னு ஒரு வார்த்தை சொல்லலையே. நாளைக்கே மத்த டீச்சர்களை எல்லாம் கூட்டிட்டு வர்றேன். அவங்களுக்கு நீங்கதான் சொல்லித் தரணும்.”

ஆசிரியர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“அது இருக்கட்டும் மேடம், ரெண்டுல எதுங்க சரி?”