நாலு அறை

வெள்ளிக்கிழமை காலையில் கேத்தரின் மாட்டுக்கறிக் கடை முன்னால் நிற்கிறாள் என்றால், பிலோமினா அதைப் பார்க்காமல் எப்படிப் போவாள்?

வேதக்காரர்கள் வெள்ளிக்கிழமை கறி தொடுவதில்லை. அதிலும் இது மாதத்தின் முதல் வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ் பாசாருக்கு மீன் வாங்க வந்த பிலோமினா, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மெல்லக் கறிக்கடைப் பக்கம் ஒதுங்கினாள். சும்மாதான். சும்மா நிற்பதில் அவளை மிஞ்ச ரயில்வே லைன் வீடுகளில் ஆள் கிடையாது.

நின்ற உடனே விளங்கிவிட்டது, விஷயம் கறியில்லை, படிப்பு.

கேத்தரினின் மகள் டொரத்தி கன்னியர் பள்ளியில் கடைசி வகுப்பு. அங்கே இந்த வருஷம்தான் பயாலஜி என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே மதர் சொல்லிவிட்டாராம்: முதலில் மண்புழு, அப்புறம் கரப்பான்பூச்சி, அப்புறம் தவளை. தவளையை அறுத்த பிறகும் உள்ளே துடித்துக்கொண்டுதான் இருக்கும், பயப்படக் கூடாது. மயக்கம் போடுகிறவர்கள் இப்போதே தையல் வகுப்புக்குப் போய்விடலாம்.

பாதிப் பேர் தையலுக்குப் போனார்கள். டொரத்தி போகவில்லை. இதைத் தாண்டினால் சிங்கப்பூரில் டாக்டர் படிப்பு என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

தவளை முடிந்து, இன்றைக்கு மாட்டின் இருதயம். கொண்டுவர வேண்டியது டொரத்தியின் முறை. அவள் பூசைக்குப் போய் அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆத்தாக்காரி வாங்கிக்கொண்டுபோய் வாசலில் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு சங்கடம். கேத்தரினின் புருஷன் பெயர் இருதயம்.

கட்டிய நாளிலிருந்து கேத்தரின் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. கோயிலில் திரு இருதய ஜெபம் சொல்லும்போது, அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் இருமுவாள். காசமோ என்று சாமியாரே ஒருமுறை விசாரித்தார்.

இருதயம் ரயில்வேயில் கார்டு. கிள்ளானுக்கு மாற்றலாகிப் போனவர், முதலில் ஞாயிறு தவறாமல் வந்தார். பிறகு எப்போதாவது. இப்போது அதுவும் இல்லை. கேட்டால், "டியூட்டி லா" என்பாள் கேத்தரின்.

கிள்ளானில் ஒருத்தியோடு குடித்தனம் நடக்கிறது என்பது லைன் முழுக்கத் தெரியும். யார் என்றுதான் தெரியவில்லை. ஊரில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கும் பிலோமினாகூட, "யாரோ ஒருத்தி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

போன வாரம் குழாயடியில், இருதயத்துக்கு நாலு அறை என்று டொரத்தி பாடம் சொல்லிவிட்டுப் போனாள். "நம்ம குவாட்டர்ஸே ரெண்டு அறைதான். நாலு இருந்தா யாரையாச்சும் குடிவைக்கத் தோணாதா?" என்றாள் அடுத்த வீட்டு வீரம்மா. குடத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. பல்வலி என்றாள்.

கேத்தரினுக்குத் தெரியுமா, தெரியாதா? அதுதான் லைனின் கவலை. ரோஷக்காரி. தெரிந்தால் அன்றைக்கே மகளை இழுத்துக்கொண்டு தைப்பிங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ரயிலேறிவிடுவாள். பிள்ளையின் படிப்பு அத்தோடு சரி. ஆகவே பரீட்சை முடிகிற வரைக்கும் யாரும் வாய் திறப்பதில்லை என்று பெண்களுக்குள் ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்ததே பிலோமினாதான் என்றால் நம்ப மாட்டீர்கள்.

தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நெஞ்சுக்குள்ள இருக்குமே பாய், அது" என்றாள் கேத்தரின்.

மைதீன் பாய் நெஞ்சுக்கறியை எடுத்துத் தராசில் போட்டார்.

"இது இல்ல பாய். ஹாத்தி, ஹாத்தி."

மனசு நொந்தால் மலாய்க்காரர்கள் ஹாத்தி என்றுதான் சொல்வார்கள். கேத்தரின் அதைக் கேட்டு வைத்திருந்தாள். ஆனால் கறிக்கடையில் ஹாத்தி என்றால் ஈரல். பாய் ஒரு முழு ஈரலைத் தூக்கிப் பலகையில் சொத்தென்று போட்டார்.

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயடியில் சொல்லிச் சிரிக்க ஒரு வாரத்துக்கு இது போதும்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமும் ஆகிக்கொண்டிருந்தது. கேத்தரின் அந்த ஈரலையே பார்த்தாள். இப்போது இருமப்போகிறாள் என்று பிலோமினா காத்திருந்தாள்.

இருமவில்லை.

"மாட்டு இருதயம், பாய். வெட்டாம முழுசா குடுங்க."

உப்பு கேட்பது போலக் கேட்டாள். முக்காட்டைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

பிலோமினாவின் சிரிப்பு முந்தானைக்குள்ளேயே நின்றுபோனது. பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று ஜெபத்தில்கூட இருமியவள். இன்றைக்குக் குறைந்தால் குறையட்டும் என்று விட்டாளா? இல்லை, குறைவதற்குப் புருஷன் என்று அங்கே யாரும் இல்லை என்றா?

எப்படியானாலும் தெரிந்திருக்கிறது. இன்று நேற்றுத் தெரிந்ததாகவும் படவில்லை. தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் தைப்பிங்குக்கு ரயிலேறாமல், கேட்டவர்களுக்கெல்லாம் டியூட்டி டியூட்டி என்று பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பாய் இலையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கேத்தரின் திரும்பினாள். பிலோமினாவைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. ரொம்ப நேரமாக அங்கே நிற்பது தெரியும் என்பது போல நேரே கிட்டே வந்தாள். இலையிலிருந்து ரத்தம் கசிந்து அவள் மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"பிலோமினாக்கா, கிள்ளான்ல உங்க தங்கச்சிக்கு இது எத்தனாவது மாசம்?"

"ஏழு" என்றாள் பிலோமினா.