சத்தமில்லாத வேன்

புகை சோதனையில் தோற்றால் வேன் காயலான் கடைக்குப் போய்விடும். செங்கல்வராயனின் வலைகள் மொத்தமும் அதற்குள்தான் கிடந்தன. ஏரிக்கரையில் கைகட்டி நின்றான்.

“ஸ்டார்ட் பண்ணு” என்றார் இன்ஸ்பெக்டர்.

செங்கல்வராயனின் மனைவி ஹேமாவதி சாவியைத் திருப்பினாள்.

“சத்தமே காணோமே?”

“எப்பவும் இப்டித்தான் சார். ரொம்ப அமைதி” என்றான் செங்கல்வராயன்.

புகைக்குழாயில் கருவியைச் செருகினார். பூஜ்ஜியம்!

“இருபது வருஷ சர்வீஸ்ல இப்படியொரு வண்டியைப் பார்த்ததில்லை!”

சான்றிதழைக் கொடுத்துவிட்டு, எதிரே தீவிலிருந்த பசியாவரம் கிராமத்து பைக்குகளையும் சோதிக்க செங்கல்வராயனின் படகிலேயே ஏறினார்.

நடு ஏரியில் படகு கரும்புகையாகக் கக்கியது. இன்ஸ்பெக்டர் இருமிக்கொண்டே கத்தினார்.

“என்னய்யா எஞ்சின் இது? சான்றிதழ் இருக்கா?”

“இன்னா சார், இப்பதானே குடுத்தீங்க? வேன்ல இருந்து கழட்டி மாட்டுன எஞ்சின்தான் இது.”