பச்சை அட்டைப் புத்தகம்

மூட்டை தூக்கிய தோள் விண்விண்ணென்று வலித்தது. அதைத் தேய்த்துக்கொண்டே சுமைதூக்கி, மகள் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த பச்சை அட்டைப் புத்தகத்தைத் தலைமையாசிரியர் மேசையில் போட்டார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எம் பொண்ணுதான் தினம் சத்தமா வாசிச்சுக் காட்டுறா. இதுல ஒருத்தன் பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான். அவ தோட்டைக் கழட்டி வித்துக் குடிக்கிறான். கேட்டுக்கிட்டு எம் பொண்டாட்டி அழுவுறா. இதைப் படிக்கிற புள்ள நாளைக்குப் பெத்த அப்பனை மதிக்குமா?”

“எப்படிங்க மதிக்கும்?” என்று கொதித்தார் அங்கே உட்கார்ந்திருந்த பெற்றோர் சங்கத் தலைவர். “உடனே தடை போடுங்க சார்.”

புத்தகத்தைத் திறந்து தங்கள் ஒழுக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தலைவருக்கும் தலைமையாசிரியருக்கும் மனமில்லை. திறக்காமலே தடை விதித்தார்கள்.

முதல் பக்கத்தில் ‘தடை’ முத்திரை குத்த வேண்டிய நூலகர் மட்டும் வேறு வழியின்றித் திறந்தார். புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“சார், இது மண்புழு உரம் தயாரிக்கிற புத்தகம். முதல்லேருந்து கடைசிவரைக்கும் புழுதான் இருக்கு.”

“அப்போ எம் பொண்ணு எதைப் பார்த்து வாசிச்சா?”

கேட்டுமுடித்த பிறகுதான் சுமைதூக்கியின் கை தோளிலேயே நின்றுபோனது.

மனைவிக்கு அவர் திருப்பித்தர வேண்டிய ஒரு ஜோடித் தோடு இன்னும் பாக்கி.