கரம்பைப் பற்று

பேச்சியின் வயிற்றில் போட்டிருந்த கரம்பைப் பற்று மறுபடியும் காய்ந்து வெடித்துவிட்டது.

சொர்ணத்தாய் பொருக்குகளை நகத்தால் பெயர்த்து, பஸ் ஜன்னலுக்கு வெளியே போட்டாள். பக்கத்தில் இருந்த தெரசம்மாள் தூக்குவாளியை நீட்டினாள். ஊர்க் கண்மாயில் வெட்டியெடுத்த கரம்பை மண் அதற்குள் வெண்ணெய் போலக் குழைந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமையானால் ஊர்ப் பெண்கள் தலைக்குத் தேய்க்கிற மண்தான். வேனல்கட்டிக்கும் அதுதான், குளவி கொட்டினாலும் அதுதான். காய்ச்சல் கண்டால் வயிற்றில் அப்புவார்கள்.

சொர்ணத்தாய் ஒரு கை அள்ளி மகளின் வயிற்றில் பரப்பினாள். காற்றுப் படாமல் முந்தானையால் மூடினாள்.

பஸ் அப்போதுதான் கோவில்பட்டியை விட்டு வெளியே வந்திருந்தது.

பேச்சிக்கு ஐந்து வயது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கட்டிலிலேயே கிடக்கட்டும் என்று நர்சம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சொர்ணத்தாய் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள்.

ஊரில் அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி, கிணறு வெட்டும்போது கல் விழுந்து கால் ஒடிந்து, கட்டுப் போட்டுக் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்தவள் பக்கத்து வீட்டுத் தெரசம்மாள்தான். பேச்சி பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியவளும் தெரசம்மாள்தான்.

டிக்கெட் போட வந்த கண்டக்டர் பிள்ளையைப் பார்த்ததும் நின்றார்.

“ஏம்மா, புள்ளைக்கு ரொம்ப முடியலையோ? வழியில ஏதும் ஆச்சுன்னா அங்கனயே எறக்கி விட்ருவேன், பாத்துக்கிடுங்க. வண்டியில பொணம் வந்துச்சுன்னு தெரிஞ்சா மொதலாளி என் சீட்டைக் கிழிச்சிருவாரு.”

“வெறுங்காய்ச்சல்தான் அண்ணாச்சி” என்றாள் சொர்ணத்தாய்.

எட்டயபுரம் வரைக்கும் மண் காய்ந்துகொண்டே வந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும், ஓரம் தூக்கிக்கொள்ளும். சொர்ணத்தாய் பெயர்ப்பதும் அப்புவதுமாக இருந்தாள். தெரசம்மாள் ஒரு கையில் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டினாள்.

எட்டயபுரம் தாண்டியது. இரண்டு பக்கமும் பருத்திமார் பிடுங்கிய கரிசல் காடு, வாய் பிளந்து கிடந்தது. ஒரு மரம் கிடையாது.

சொர்ணத்தாய் பற்றைத் தொட்டுப் பார்க்க முந்தானைக்குள் கையை விட்டாள். விட்ட கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகு நிமிர்ந்து, பஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

“மதினி, மண்ணு காயவே இல்ல! எம்புள்ளைக்குச் சூடு விட்ருச்சு!”

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தர் கடலைமிட்டாய் எடுத்து, முழித்ததும் கொடுக்கச் சொல்லி நீட்டினார். சொர்ணத்தாய் வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். கண்டக்டரின் முகமும் தெளிந்தது. வீட்டுக்குப் போனதும் நல்ல கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்.

தெரசம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாதாவே என்று ஆசையாகத் தானும் கையை விட்டுப் பார்த்தாள்.

மண் ஈரமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் வயிறும் சில்லென்று இருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இல்லை.

சொர்ணத்தாயின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. இதை எந்த வாயால் சொல்வது? ஊர் வருகிற வரைக்குமாவது இவள் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தெரசம்மாள் நினைத்தாள்.

“ஆமா தாயி, நல்லா அசந்து தூங்குறா” என்றாள்.

அதன்பிறகு சொர்ணத்தாய் பேச்சை நிறுத்தவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும் என்றாள். கரம்பையைக் கண்டாலே கண் எரியும் என்று ஓடுவாள், ஓடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும் என்றாள். தெரசம்மாள் எல்லாவற்றுக்கும் ‘உம்’ கொட்டினாள். கண்ணில் தூசி விழுந்ததுபோல முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டாள்.

விளாத்திகுளத்தில் கூட்டம் ஏறியது. வற்றல் மூட்டையோடு வந்த ஒருத்தி, பிள்ளையின் காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொன்னாள். சொர்ணத்தாய் மடக்கிக்கொண்டு, மகளின் முதுகில் தட்டிக்கொடுத்தபடியே வந்தாள்.

ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். கண்டக்டர் தூக்குவாளியைப் பதனமாகக் கீழே வைத்துவிட்டு விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது.

ஊர் இன்னும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இதற்கு மேல் மறைக்க முடியாது. தெரசம்மாள் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஏ சொர்ணம்…” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும் மதினி” என்றாள் சொர்ணத்தாய். “எட்டயபுரம் தாண்டுனதுமே போயிட்டா. நான் சத்தம் போட்டிருந்தா அந்தக் காட்டுலயே எறக்கி விட்ருப்பாவ. வீட்டுல கெடக்க மனுசன் பெத்த புள்ள மொகத்தைப் பாக்க வேண்டாமா?”

அவள் தெரசம்மாளைப் பார்க்கவில்லை. போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாகலாபுரம் ரோட்டில் அது திரும்பி மறைந்தது. அதன் இரைச்சலும் நின்றது.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.