பொறுப்பாளர் பெயர்

"இதுக்கு நீங்க அவரு கால்லயே உளுந்திருக்கலாம், அக்கா" என்றான் நந்தகுமார்.

ஜெஸ்ஸி திரும்பவில்லை. திரையில் 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் 'காளியப்பன், முதலாளி' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இத முடிச்சுட்டு உளுகறேன் தம்பி."

நாமக்கல்லில் நூற்றிருபது லாரி ஓட்டும் அந்த நிறுவனத்தின் சர்வரில் போன திங்கட்கிழமைதான் புது மென்பொருள் ஏறியிருந்தது. சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதலாளி தன் கையாலேயே பட்டனை அமுக்கித் தொடங்கி வைத்தார். அவர் அமுக்கியது மானிட்டர் பட்டன். யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ஜெஸ்ஸி, நந்தகுமார் போன்ற புரோகிராமர்கள் ஆளுக்கொரு புரோகிராமில், ஆளுக்கொரு மூலையில் செருகி வைத்திருந்த லோடு, கூலி விதிகளையெல்லாம் இனி ஒரே களஞ்சியத்தில் எழுத வேண்டும். ஒரு தடவை எழுதினால் போதும், எல்லாத் திரைகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் கட்டாயம்.

"பேர் இல்லாத விதி வெள்ளிக்கெழம காலி" என்று அறிவித்திருந்தார் முதலாளி மகன் மோகன்குமார். "பேர் இருந்தாலும் அந்த ஆளு எங்கிட்ட வந்து காரணம் சொல்லோணும்."

அந்த வாரம் முழுக்க, பாராட்டு வாங்கக்கூடிய விதிக்கு நாலு அப்பன் வந்தார்கள். வில்லங்கமான விதி அநாதையாகக் கிடந்தது. நந்தகுமார் நாற்பது விதிகளைத் தன் பெயரில் போட்டுக்கொண்டான். அதில் பாதி, அவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தவை.

இப்போது ஜெஸ்ஸியின் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

'இருபது நாள் வீட்டைப் பார்க்காத டிரைவருக்கு அடுத்த லோடு அவர் ஊர்ப் பக்கம் மட்டுமே.'

"இதையா அவரு சொன்னாரு? டிரைவருக்கெல்லாம் பேரு இருக்குங்கறதே அவருக்குத் தெரியாதுங்களே!"

"சொல்லியிருப்பாரு."

"அடுத்த மாசம் மேனேஜர் சீட்டு காலியாகுதுல்ல. நடக்கட்டும், நடக்கட்டும்."

சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெஸ்ஸி டீ குடிக்கப் போனபோது யாரோ இரண்டு எவர்சில்வர் டம்ளரை ஒன்றோடொன்று தட்டி ஜால்ரா போட்டார்கள். அவள் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். மோகன்குமார் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மழ நாள்ல லோடு எறக்கறதுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பொறுப்பாளர் மாரியாயி. யாருங்க அது?"

குடோன் பதிவேடு எழுதும் மாரியாயி எழுந்தாள். "மூட்ட வழுக்குமுங்க, அதனால..."

அவள் உட்காருவதற்குள் விதி அழிந்துவிட்டது.

அடுத்தது திரையில் வந்தது. மோகன்குமார் வாய்விட்டுப் படித்தார். முகம் சிவந்தது.

"குஜராத்துல கைக்கு வந்த லோட உட்டுப்போட்டு, ஊருப் பக்கம் லோடு வார வரைக்கும் வண்டி நிக்குதா? எந்தக் கிறுக்கன் போட்டது இது?"

அழிக்கும் பட்டன் மேல் விரல் போனது. ஜெஸ்ஸி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மோகன்குமார் பொறுப்பாளர் பெயரைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"அப்பாவக் கூப்புடுங்க."

காளியப்பன் பக்கத்து அறையிலிருந்து வந்தார். அவரிடம் டிரிப் சீட்டில் கையெழுத்து வாங்க நின்றிருந்த டிரைவர் சென்னிமலையும் பின்னாலேயே வந்தார்.

"அப்பா, இது நீங்க சொன்னதுங்களா?"

காளியப்பன் கண்ணாடியை மாட்டினார். ஒரு தடவை படித்தார். நம்பாமல் இன்னொரு தடவை படித்தார்.

பின்னாலிருந்து சென்னிமலை கும்பிட்டார்.

"அய்யா, நீங்க பண்ணுன ஏற்பாடுங்களா? மாசம் ஒருக்கா எனக்கு எங்கூரு மேச்சேரிப் பக்கமே லோடு உளுகுது. முனியப்பன் புண்ணியம்னு நெனச்சு நான் கெடா வெட்டுனேனுங்க, சாமி!"

காளியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பின்ன? வண்டிக்கு மட்டும் சர்வீஸ் பாத்தா ஆச்சா? ஆளு ஊடு வாசல் பாக்க வேண்டாமா? நான் இருக்கற வரைக்கும் இத எவனும் தொடக் கூடாது, ஆமா!"

கைதட்டல். நந்தகுமார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான். முதலாளியும் சென்னிமலையும் கைகுலுக்கும் படம் பத்தே நிமிடத்தில் ஆபீஸ் வாட்ஸப்பில் வந்துவிட்டது.

எல்லாரும் கலையும்போது காளியப்பன் ஜெஸ்ஸியிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, இத நான் எப்பச் சொன்னேன்?"

"ரொம்ப வருசமாச்சுங்க அய்யா."

"அதான! எனக்கு இப்பெல்லாம் மறந்து போகுது."

திருப்தியாகப் போய்விட்டார்.

அருகில் நின்ற நந்தகுமாருக்குப் பொறுக்கவில்லை. இப்படியும் ஒரு ஜால்ரா உண்டா? பழைய புரோகிராமில் ஒவ்வொரு விதியின் தலையிலும், எழுதியது யார், எழுதச் சொல்லிக் கேட்டது யார் என்று இருக்குமே. அதை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் இவள் சாயம் வெளுத்துவிடும்.

சீட்டுக்குப் போய், லோடு பிரிக்கும் பழைய புரோகிராமைத் திறந்து அந்த விதியைத் தேடிப் பிடித்தான். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே இரண்டே வரிகள்.

எழுதியவர்: ஜெஸ்ஸி.

கேட்டவர்: ஆத்தாயி, டிரைவர் சென்னிமலை சம்சாரம். கைக்குழந்தையோடு வந்திருந்தார்.