பன்னிரண்டு போல்ட்

"அத்தா, வள்ளத்தோட அடிக்கட்டையப் பிடிச்சிருக்குற போல்ட்டு இது. உப்புத்தண்ணி அரிச்சிருச்சு. இதே அளவுல பன்னெண்டு வேணும்," என்றாள் நாஜியா.

ராஜபாளையத்து லேத் பட்டறையில் ஹமீது மகளிடமிருந்து அதை வாங்கிப் பார்த்தார். நடுவில் பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தது.

"உன் மாப்பிள்ளைக்குத்தான வேணும்? அவரே வந்து கேக்கட்டும்."

"அவிய வரமாட்டாக. 'மீன்காரன்'னு நாலு பேரு முன்னால எளக்காரமாச் சொன்னது நீங்கதான?"

"அதுக்காக ரெண்டு பெருநாளா வாசப்படிய மிதிக்காம இருப்பாராக்கும்? வரச்சொல்லு."

அடுத்த வாரமும் கீழக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

"கடலுக்குப் போகாம வீட்ல அடுப்பெரியல அத்தா. வேற பட்டறையில குடுக்காதீய, எங்க அத்தா செஞ்சா ஆயுசுக்கும் வரும்னு நாந்தான் அவியட்ட சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்."

ஹமீதின் கை மேஜை டிராயர் வரை போய்த் திரும்பியது.

"அவரை வரச்சொல்லு," என்றார்.

மூன்றாம் வாரம் போன்தான் வந்தது. பழைய போல்ட்டுகளோடு கடலுக்குப் போன வள்ளம் அடிக்கட்டை விட்டுப் பிளந்துவிட்டதாம். மருமகன் யாசினின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

ஹமீது டிராயரைத் திறந்தார்.

எண்ணெய்த் துணியில் பன்னிரண்டு எவர்சில்வர் போல்ட்டுகள். நாஜியா முதல் தடவை வந்துபோன அன்றைக்கே, மதியச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்காமல் கடைந்து முடித்தவை.

மருமகன் வந்து நின்றதும் கையில் கொடுத்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று சொல்வதற்காக வைத்திருந்தார்.